தலையாட்டினால் பதில் ஆகிவிடுமா?

காது கேளாதவர் உயிருக்குப் போராடும் நேரத்தில் அவரிடம் பேசுவது எப்படி?

இப்படி ஒரு காட்சியை மனக்கண்ணில் பாருங்கள்.

நள்ளிரவு. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சு வந்து நிற்கிறது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டு வருகிறார்கள். நெஞ்சு வலி. உடம்பெல்லாம் வியர்வை. விசைத்தறிக் கூடத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர் அவர். தறியின் ஓசை அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காதுக்கு வைக்கும் கருவி உண்டு. ஆனால், அவசரத்தில் அது வீட்டிலே, தலையணைக்கு அடியிலே கிடக்கிறது!

டாக்டர் குனிந்து கேட்கிறார்:

"ஐயா, வலி இடது கைக்குப் பரவுகிறதா?"

பெரியவர் தலையாட்டுகிறார்.

"வயிற்றுப் புண் உண்டா? ரத்த வாந்தி எடுத்தீர்களா?"

இப்போதும் தலையாட்டுகிறார்.

"ரத்த வாந்தி எடுத்ததே இல்லையே?"

அதற்கும் தலையாட்டுகிறார்!

பக்கத்தில் நின்ற நர்சுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு தாளை எடுத்தார். பெரிய எழுத்தில், "ரத்த வாந்தி எடுத்தீர்களா? எப்போது?" என்று எழுதிக் காட்டினார். பெரியவர் உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "போன வாரம்."

டாக்டரின் முகம் மாறியது. நெஞ்சு வலிக்குக் கொடுக்க இருந்த மருந்தை நிறுத்தினார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அது. வயிற்றில் ரத்தம் கசிந்து சில நாளே ஆனவருக்கு அதுவே எமனாக முடியலாம். வேறு வழியில் சிகிச்சை தொடங்கியது.

ஒரு தாள். ஒரு பேனா. ஒரு நிமிடம். உயிர் பிழைத்தது.

அந்தத் தாளை எடுக்க யாருக்கும் தோன்றாமல் போயிருந்தால்?

எத்தனை பேர்?

இது யாருக்கோ எங்கோ நேரும் சங்கதி என்று எண்ண வேண்டாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் காது கேளாத குறை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். குறையை வெளியே சொல்லாதவர்கள், தங்களுக்குக் குறை இருப்பதையே அறியாதவர்கள் இந்தக் கணக்கில் அகப்படுவது கடினம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 43 கோடிப் பேருக்குக் காது சம்பந்தமான கவனிப்பு தேவை என்று அது கூறுகிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேட்பதில்லை.

நெஞ்சு வலியும், பக்கவாதமும், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதும் எந்த வயதில் அதிகம்? அதே வயதில்தான்! அப்படியானால் அவசர சிகிச்சைக்கு வரும் முதியவர்களில் எத்தனை பேருக்குக் காது மந்தமாக இருக்கும்? வாசகர்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

ஏன் தலையாட்டுகிறார்கள்?

காது கேளாதவர் பொய் சொல்லுவதற்காகத் தலையாட்டுவதில்லை. "என்ன? என்ன?" என்று எத்தனை தடவைதான் கேட்பது? மூன்றாவது தடவை கேட்டால் மருமகள் முகம் சுளிக்கிறாள். நான்காவது தடவை கேட்டால் பேரன் சிரிக்கிறான். பார்த்தார் பெரியவர். எதற்கும் தலையை ஆட்டி வைத்தால் வம்பில்லை என்று பழகிக் கொண்டார். வீட்டிலே பழகிய பழக்கம் ஆஸ்பத்திரியிலும் வருகிறது.

வீட்டிலே தலையாட்டினால் காப்பிக்குப் பதில் மோர் வரும். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் தலையாட்டினால்?

ஆகவே முதல் பாடம் இது: தலையாட்டலைப் பதிலாக எடுத்துக் கொள்ளக் கூடாது. "வலிக்கிறதா?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் வலி? கையால் தொட்டுக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்காமல், "என்னென்ன மாத்திரை?" என்று கேட்க வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். தலையாட்டித் தப்ப முடியாத கேள்விதான் நல்ல கேள்வி.

கத்தினால் கேட்குமா?

காது மந்தம் என்று தெரிந்ததும் பலர் செய்யும் காரியம் ஒன்றுதான். காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்துவார்கள்!

இதனால் பெரும்பாலும் பயனில்லை. வயதாகும்போது காது ஒரேயடியாக அடைத்துக் கொள்வதில்லை. மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகின்றன. ஸ, ச, த போன்ற எழுத்துகள் தேய்ந்துவிடும். பேச்சு நடப்பது கேட்கும். என்ன பேச்சு என்று புரியாது. கத்தும்போது சத்தம் பெருகுகிறதே தவிர, தெளிவு பெருகுவதில்லை. கத்துகிறவரின் வாய் கோணுகிறது. முகம் கடுக்கிறது. பெரியவர் என்ன நினைக்கிறார்? "இந்த டாக்டர் ஏன் என்னைத் திட்டுகிறார்?" என்று பயந்து போகிறார். ஏற்கெனவே துடிக்கும் நெஞ்சு இன்னும் வேகமாகத் துடிக்கிறது.

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று பழமொழி சொல்லுவார்கள். அதிலே கேலி செவிடனைப் பற்றியது. உண்மையில் பிழை யாருடையது? கேளாத காதில் சங்கை ஊதிக் கொண்டே இருந்தாரே, அவரல்லவா வேறு வழி பார்த்திருக்க வேண்டும்?

வேறு வழி என்ன? முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும். சாதாரணக் குரலில், நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். ஒரு தடவை புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்ல வேண்டும். முடிந்தால் கதவைச் சாத்தி, பக்கத்துச் சந்தடியைக் குறைக்க வேண்டும். காதுக் கருவி டாக்டரின் குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை. தள்ளுவண்டியின் கடகடப்பையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

மருந்தா, பருந்தா?

"உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்து கொள்வார்" என்று சில வீடுகளில் பெருமையாகச் சொல்லுவார்கள். அதை முழுக்க நம்ப முடியாது.

கண்ணாடி முன்னால் நின்று, குரல் எழுப்பாமல், "மருந்து" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "பருந்து" என்று சொல்லிப் பாருங்கள். உதட்டு அசைவில் ஏதாவது வேறுபாடு தெரிகிறதா? தெரியாது! "மடி" என்றாலும் "படி" என்றாலும் உதடுகள் ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். "க" என்ற எழுத்தோ தொண்டைக்குப் பக்கத்தில் பிறப்பது. உதட்டில் தெரிவதே இல்லை. மீதியை ஊகித்துத்தான் அறிய வேண்டும். நெஞ்சு வலியோடு படுத்திருப்பவரால் ஊகிக்க முடியுமா?

அதிலும் முகக்கவசம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது உலகமே முகத்தை மூடிக் கொண்டது. நோயைத் தடுக்க அது அவசியம். ஆனால், காது கேளாதவர்களுக்கு உதடும் மறைந்தது, குரலும் மங்கியது. வாய்ப் பக்கம் மட்டும் கண்ணாடி போலத் தெரியும் முகக்கவசங்கள் அப்போது பல நாடுகளில் பேசப்பட்டன. அது கிடைக்காத இடத்தில் தாளும் பேனாவும் போதும்.

குடித்தவர் என்று எண்ணி விட்டால்?

இன்னொரு ஆபத்து உண்டு. சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் கூப்பிட்டால் திரும்பவில்லை. பேச்சும் குழறலாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? "குடித்திருக்கிறான்" என்பார்கள். அல்லது "நினைவு தப்பிவிட்டது" என்பார்கள்.

தலையில் அடிபட்டவரின் நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்க டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இருவர் 1974-ஆம் ஆண்டு வெளியிட்ட முறை அது. கண் திறப்பதற்கு 4 மதிப்பெண். பேச்சுக்கு 5. கை, கால் அசைவுக்கு 6. மொத்தம் 15. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, கேட்டதற்குப் பதில் சொல்லுகிறாரா, "கையைத் தூக்கு" என்றால் தூக்குகிறாரா என்று பார்ப்பார்கள்.

காது கேளாதவர் எப்படிக் கண் திறப்பார்? எப்படிப் பதில் சொல்லுவார்? தெளிந்த நினைவோடு இருந்தாலும் மதிப்பெண் விழுந்து போகும். இல்லாத ஆபத்துக்குச் சிகிச்சை நடக்கலாம். இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தப்பலாம். குரல் கொடுத்தும் பதில் இல்லையென்றால், தோளை மெல்லத் தொட்டு, கண்ணுக்கு எதிரே கையசைத்துப் பார்ப்பது நல்லது. "இவருக்குக் காது கேட்குமா?" என்ற கேள்வியை வந்தவுடனேயே கேட்பது அதைவிட நல்லது.

பக்கவாதம் என்றால் நேரம் இன்னும் முக்கியம். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அடைப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது பொதுவான விதி. "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால், அந்த ஊசியே கைநழுவிப் போகலாம்.

கைதான் அவருக்கு வாய்

பிறவியிலேயே காது கேளாதவர்கள் பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி போன்றது. அது வெறும் கையாட்டல் அல்ல. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழில் எழுதிக் காட்டினால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. பள்ளிப் படிப்பு சரியாகக் கிடைக்காதவருக்கு எழுத்தும் கைகொடுக்காது. அவருக்குப் படம் வேண்டும்; சைகை தெரிந்த ஆள் வேண்டும்.

சைகை பேசுகிறவருக்குக் கைதான் வாய். அவர் எந்தக் கையால் அதிகம் பேசுகிறாரோ, அந்தக் கையில் குளுகோஸ் ஊசியைக் குத்திக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? வாயைக் கட்டியது போல் ஆகும்! இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினால் கேட்கவே வேண்டாம். முடிந்தவரை மற்றக் கையில் ஊசி போடலாம். செலவில்லாத உதவி இது.

காதுக் கருவியைக் கழற்றச் சொல்லும் நேரமும் உண்டு. காந்த சக்தியால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அதைக் கொண்டு போகக் கூடாது. கழற்றுவதற்கு முன்பே, என்ன நடக்கப் போகிறது என்று சொல்லிவிட வேண்டும். கழற்றிய கருவியைப் பெயர் எழுதிய டப்பாவில் வைக்க வேண்டும். வெளியே வந்ததும் முதல் வேலை அதைத் திருப்பிக் கொடுப்பதுதான். காதுக்குள் அறுவை செய்து பொருத்திய கருவி என்றால் அதைக் கழற்ற முடியாது. அப்படிப்பட்டவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் தனி எச்சரிக்கை தேவை. ஆகவே, டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜென்டமைசின் போன்ற சில மருந்துகள் காதைப் பாதிக்கக் கூடியவை. ஏற்கெனவே காது குறைந்தவர் என்று தெரிந்தால், டாக்டர் வேறு மருந்து உண்டா என்று யோசிப்பார்.

குழந்தையைத் தூது விடலாமா?

அம்மாவுக்குக் காது கேட்காது. பத்து வயது மகளுக்குச் சைகை தெரியும். "பாப்பா, நீ சொல்லு" என்று டாக்டர் கேட்கிறார். அவசரத்தில் வேறு வழியில்லாமல் இருக்கலாம். ஆனால், அதுவே வழக்கமாகிவிடக் கூடாது.

அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி என்று பத்து வயதுக் குழந்தை எப்படி எடுத்துச் சொல்லும்? சொல்லத்தான் அதன் மனம் தாங்குமா? அம்மாவும் சில விஷயங்களை மகளிடம் மறைப்பாள். கணவன் பக்கத்தில் இருந்தாலும் இதே தொல்லைதான். மனைவியைக் கேட்காமல் தானே பதில் சொல்லிவிடுவார். கேட்ட கேள்வி ஒன்று. போய்ச் சேர்ந்தது வேறொன்று.

நோய் அவளுடையது. உடம்பு அவளுடையது. கத்தி படப் போவது அவள் மேலே. என்ன ஆபரேஷன் என்று புரியாமல் அவளிடம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. தாளில் மை பட்டது, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டு நிறைவேறியது. அரசாங்க ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் தடையில்லாமல் சிகிச்சை பெற மாற்றுத்திறனாளிகளுக்கு வழி செய்ய வேண்டும், அவர்களைக் கவனிப்பதில் முன்னுரிமை தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு சொல்லுகிறது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டினால் தடை நீங்கியது என்று பல இடங்களில் நினைத்து விடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது சரி. காது கேளாதவருக்குப் பேச்சே படிக்கட்டு. அதற்குச் சாய்தளம் எங்கே?

மனமிருந்தால் வழி உண்டு என்பதற்கு வெளிநாடுகளில் சான்று இருக்கிறது. பிரிட்டனில் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஏற்பாடு வந்தது. ஆபத்து நேரத்தில் காது கேளாதவர் செல்போனில் வீடியோ மூலம் சைகை காட்டினால், அதைப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் அவசர உதவி நிலையத்துக்கு எடுத்துச் சொல்லுவார். அமெரிக்காவில் பல பகுதிகளில் 911 எண்ணுக்கு எழுத்திலேயே செய்தி அனுப்பலாம்.

தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்சு 2008-ஆம் ஆண்டு வந்தது. மூலை முடுக்கெல்லாம் அந்த எண் தெரியும். எத்தனையோ உயிர்களைக் காத்த எண் அது. ஆனால், அதை அழைக்க வாய் வேண்டும். மறுமுனையில் கேட்பதற்குப் பதில் சொல்லக் காது வேண்டும். இரண்டும் இல்லாதவர், வீட்டில் தனியாக இருக்கும்போது, யாரை எப்படி அழைப்பார்? எழுத்தாலோ, வீடியோவாலோ அழைக்கும் வழி ஊர் அறிந்த வழியாக ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஒவ்வோர் அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஒரு படப் பலகை இருக்கட்டும். உடம்பின் படம், வலியின் அளவைக் காட்ட 0 முதல் 10 வரை எண்கள், வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல், பாம்புக்கடி ஆகியவற்றின் படங்கள். விரலை வைத்துக் காட்டினால் போதும். ஒவ்வோர் ஆம்புலன்சிலும் அதன் நகல் ஒன்று இருக்கட்டும்.

நோயாளியின் சீட்டிலும் கட்டில் தலைமாட்டிலும் காது படம் ஒன்றை ஒட்டட்டும். இரவு மாறி வரும் நர்சுக்கும் காலையில் வரும் டாக்டருக்கும் அது சேதி சொல்லும்.

சைகை மொழி தெரிந்தவர்களின் பட்டியல் ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. பாளையங்கோட்டையில் பிளாரன்சு ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி நூறாண்டைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சைகை தெரியும். நேரில் வர முடியாவிட்டால் செல்போன் வீடியோவில் வரலாம். டில்லியில் 2015-ஆம் ஆண்டு இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஏற்பட்டது. 2021-ஆம் ஆண்டுக்குள் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதியை அது வெளியிட்டது. "வலி", "மூச்சு", "எங்கே", "எப்போது", "பயப்படாதே" என்ற சொற்களுக்கான சைகையை மட்டுமாவது நர்சுகள் கற்றுக் கொள்ளலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

வீட்டார் செய்ய வேண்டியது

ஆஸ்பத்திரியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? காது மந்தமானவர் உள்ள வீட்டில் இன்றைக்கே ஓர் அட்டை எழுதுங்கள். உள்ளங்கை அளவு இருந்தால் போதும்.

"எனக்குக் காது கேட்காது. முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். எழுதிக் காட்டுங்கள்" என்று முதல் வரியில் எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவர் என்றால் "படம் காட்டுங்கள்" என்றோ, "சைகையில் சொல்லுங்கள்" என்றோ எழுதுங்கள். கீழே பெயர், வயது, இருக்கும் நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக் கொள்ளாத மருந்து, வீட்டார் ஒருவரின் போன் எண். ஒரு நகல் சட்டைப் பையில்; ஒரு நகல் மாத்திரை டப்பாவில்.

காதுக் கருவிக்கு வீட்டில் ஒரே இடம் வையுங்கள். மாற்று பேட்டரியும் அங்கேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது செருப்பு மறந்தாலும் கருவி மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டாரிடம், "கதவை இப்படித் தட்டினால், விளக்கை இப்படி அணைத்து அணைத்துப் போட்டால், 108-க்குப் போன் செய்யுங்கள்" என்று சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. தாத்தா "என்ன?" என்று மூன்றாம் தடவை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர் வீட்டிலே கூச்சமில்லாமல் கேட்கப் பழகினால்தான், ஆஸ்பத்திரியிலும் "எனக்குக் கேட்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள்" என்று துணிந்து கேட்பார்.

அந்த ஒரு வார்த்தை அவர் உயிரைக் காக்கும்!